முதல் ரீஃப் தொட்டி: ஹீட்டர் எத்தனை வாட், குவாரண்டைன் எத்தனை நாள்?

இளந்தளிர்:

எல்லாருக்கும் வணக்கம். 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, கீழே சம்ப் (நீரைச் சுத்தம் பண்ற துணைத் தொட்டி). லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கற பாறை) போட்டு சைக்கிள் முடிஞ்சிடுச்சு, அதாவது கழிவைச் சிதைக்கற பாக்டீரியா வளர்ந்தாச்சு. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்டுது. மீன் இன்னும் ஒண்ணுகூட விடலை. முதல்ல ஒரு ஜோடி க்ளவுன்ஃபிஷ், அப்புறம் ஒரு கோபி மீன், பிறகு லெதர் மாதிரி மென்பவளங்கள், ஜோவாந்தஸ்னு திட்டம்.

ரெண்டு விஷயத்துல படிக்கப் படிக்கக் குழப்பம் கூடிட்டே போகுது. ஹீட்டர் 200 வாட் ஒண்ணு போதுமா, எத்தனை டிகிரியில வைக்கணும்? அடுத்தது குவாரண்டைன், அதாவது புது மீனைக் கொஞ்ச நாள் தனித்தொட்டியில வச்சுப் பார்க்கறது. எந்த மீனையும் நேரா தொட்டியில விடாதேன்னு சில பேர் சொல்றாங்க. நல்லா நீந்தற மீனைக் காலித் தொட்டியில அடைச்சு மருந்து ஊத்தறது வீண்வேலைன்னு வேற சில பேர் சொல்றாங்க. எதைக் கேட்கறது?

உப்புக்காற்று:

மீன் வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கீங்க தம்பி, ரொம்ப சந்தோஷம். மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்த பிறகு கேட்டால் சொல்லக்கூடியது ரொம்பக் கொஞ்சம்தான்.

முதலில் ஹீட்டர். லிட்டருக்கு ஒரு வாட் என்பது எல்லாரும் சொல்லும் கைக்கணக்கு. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் உங்கள் தொட்டிக்கு நீங்களே முடிவெடுக்கலாம். ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால், வெப்பம் எங்கேயும் போகாமல் இருந்தால், ஒரு லிட்டர் நீர் சுமார் 0.86 டிகிரி செல்சியஸ் ஏறும். 200 லிட்டருக்கு 200 வாட் போட்டாலும் அதே கணக்கு, மணிக்கு 0.86 டிகிரி. ஆனால் கண்ணாடி வழியாகவும், மேற்பரப்பில் ஆவியாவதன் மூலமும் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே தொட்டியின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் அறை ரொம்பக் குளிரும் நேரத்தில் எத்தனை டிகிரிக்கு இறங்குகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். 24-க்குக் கீழே போவதே இல்லை என்றால் 100 வாட்டே தாராளம். பம்ப், ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி), லைட் எல்லாமே கொஞ்சம் சூடு தரும். 18 வரை இறங்குகிற அறை என்றால் 200 வாட்டும் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

அந்த 200-ஐ ஒரே ஹீட்டராக வாங்காதீர்கள். 100 வாட் இரண்டாக வாங்குங்கள். ஹீட்டர் இரண்டு விதமாகக் கெடும்: எரியாமல் போகும், அல்லது அணையாமல் போகும். எரியாமல் போனால் நீர் மெதுவாகத்தான் குளிரும், கவனிக்க நேரம் இருக்கும். அணையாமல் போவதுதான் தொட்டியையே காலி பண்ணும். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் தொடுமுனைகள் தினமும் பல தடவை சேர்ந்து பிரிந்து, பொறிபட்டுக் கருகி, கடைசியில் ஒட்டிக்கொள்ளும். 200 வாட் ஒட்டிக்கொண்டால் நீங்கள் தூங்கி எழுவதற்குள் நீர் பல டிகிரி ஏறியிருக்கும். 100 வாட் என்றால் ஏறும் வேகமும் பாதி, போய் நிற்கும் உயரமும் குறைவு. ஒன்று எரியாமல் போனாலும் இன்னொன்று தாங்கிப் பிடிக்கும்.

எத்தனை டிகிரி? 25-க்கும் 26-க்கும் நடுவில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். 25.2-ஆ 25.6-ஆ என்று மண்டையை உடைக்க வேண்டாம். பகலுக்கும் இரவுக்கும் அரை டிகிரி ஆடினால் பவளம் கண்டுகொள்ளாது. ஏறி அப்படியே நிற்கும் சூட்டைத்தான் அதனால் தாங்க முடியாது. கடலில் பவளம் வெளிறுவதைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் நோவா அமைப்பு, ஓரிடத்தின் வழக்கமான மிகச் சூடான மாதச் சராசரியைவிட ஒரு டிகிரி கூடினாலே அதை வெளிறும் வரம்பு என்று கணக்கிடுகிறது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது; சூடு நீடித்தால் அந்தப் பாசி வெளியே போய்விடும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பவளத்தால் இடம் மாறித் தப்பிக்க முடியாது, அதற்காகவும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

மின்மினி:

மின்சாரப் பக்கம் நான் சொல்றேன்.

ஹீட்டரோட சொந்த தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாதீங்க. வெளியே ஒரு கன்ட்ரோலர் (நீரோட வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரை எரிச்சு அணைக்கற கருவி) வைங்க. கன்ட்ரோலர் 25.5-ல, ஹீட்டரோட டயல் அதுக்கு ஒரு டிகிரி மேல. தினசரி வேலையை கன்ட்ரோலர் செய்யும். கன்ட்ரோலருக்குள்ள இருக்கற ரிலேவும் (சுவிட்ச்) ஒரு நாள் ஒட்டிக்கும், அன்னைக்கு ஹீட்டரோட தெர்மோஸ்டாட் நிறுத்தும். ரெண்டும் ஒரே நேரத்துல கெடறது ரொம்ப அபூர்வம்.

கன்ட்ரோலரோட ப்ரோபை (வெப்பம் அளக்கற முனை) இறுக்கிக் கட்டுங்க. அது நழுவி நீருக்கு வெளியே விழுந்தா, கன்ட்ரோலர் அறைக் காற்றோட வெப்பத்தைப் பார்த்துட்டு ஹீட்டரை எரிச்சுக்கிட்டே இருக்கும். ஹீட்டரோட டயலை ஒரு டிகிரி மேல மட்டும் வைக்கச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சம்ப்ல, நீரை மேலே அனுப்பற ரிட்டர்ன் பம்ப் இருக்கற அறையில ஹீட்டர் வேண்டாம். ஆவியாகி நீர் குறையறது முதல்ல அங்கேதான் தெரியும். கண்ணாடி ஹீட்டர் பாதி வெளியே தெரிஞ்சபடி எரிஞ்சா விரிசல் விடும். ஸ்கிம்மர் அறை மாதிரி மட்டம் மாறாத, நீரோட்டம் உள்ள இடத்துல முழுசா மூழ்கி இருக்கணும். நீர் மாத்தறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி பிளக்கை எடுத்துடுங்க, சூடான கண்ணாடி காற்றுல படக்கூடாது.

ஒவ்வொரு வயரும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு தொங்கல் வளைவு விட்டு மேலே ஏறணும், அப்போதான் வழியற நீர் பிளக்குக்குப் போகாது. இந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். உப்புநீர் மின்சாரத்தை நல்லாக் கடத்தும். இதுல எந்த சமரசமும் வேண்டாம்.

கயல்:

ஹீட்டர் டயல்ல இருக்கற எண்ணை வெப்பநிலைன்னு எடுத்துக்காதீங்க. தனி தெர்மாமீட்டர் வேணும், அதையும் சோதிச்சுப் பார்க்கணும். நன்னீர் ஐஸை நல்லா நொறுக்கி, கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கி, சில நிமிஷம் கழிச்சு உள்ளே வைங்க. பூஜ்யம் காட்டணும். எவ்வளவு தள்ளிக் காட்டுதோ அதைத் தெர்மாமீட்டர் மேலேயே எழுதி ஒட்டிடுங்க. அப்புறம் இன்னொரு தெர்மாமீட்டரோட சேர்த்துத் தொட்டி நீர்ல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க.

எல்லாரும் குளிரைப் பத்தியே பேசறீங்க. அறை 30-க்கு மேல போற நாட்களையும் யோசிக்கணும். சம்ப் மேல ஒரு சின்ன விசிறி வச்சாலே நல்ல பலன் தெரியும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துட்டுப் போற வெப்பம், நூறு லிட்டரை அஞ்சரை டிகிரிக்கு மேல குளிர வைக்கப் போதுமானது. ஆனா ஆவியாகிப் போறது வெறும் நீர், உப்பு உள்ளேயே தங்கிடும். அதனால விசிறி வச்சா ஆர்ஓ-டிஐ முறையில சுத்திகரிச்ச நன்னீரைத் தானா நிரப்பற ஏற்பாடும் கூடவே வேணும், இல்லைன்னா உப்பு 35-லேர்ந்து (ஆயிரம் பங்குக்கு 35) ஏறிக்கிட்டே போகும். காற்றுல ஈரப்பதம் ரொம்ப இருந்தா விசிறி கை கொடுக்காது, அப்போ நீரைக் குளிர வைக்கற சில்லர்தான்.

இளந்தளிர்:

ஹீட்டர் விஷயம் தெளிவாயிடுச்சு. 100 வாட் ரெண்டு, வெளியே ஒரு கன்ட்ரோலர், ஸ்கிம்மர் அறை. இப்போ குவாரண்டைன் பத்திச் சொல்லுங்க. எல்லா மீனுக்கும் காப்பர் (ஒட்டுண்ணியைக் கொல்ற செம்பு மருந்து) போடணுமா?

நடுக்கடல்:

நான் காப்பருக்கு எதிரான கட்சி, அதை மறைக்கவில்லை. எந்த நோய் என்று தெரியாமலே, நோய் இருக்கிறதா என்றும் தெரியாமலே, நீண்ட பயணத்தில் களைத்து வந்த மீனுக்கு நஞ்சின் விளிம்பில் இருக்கும் ஓர் உலோகத்தைக் கொடுக்கிறோம். பல மீன்கள் காப்பரில் இரை எடுப்பதை நிறுத்திவிடும். ஒளிய இடம் இல்லாத, பாக்டீரியா வளராத புதுத் தொட்டியில் அம்மோனியா ஏறுகிறது. மீன் செத்ததும் பழி நோய் மேல் விழுகிறது. அந்த மீனைக் கொன்றது குவாரண்டைன்தான்.

என் வழி: நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்து, நன்றாக இரை போட்டு, தினமும் உற்றுப் பார்ப்பது. அறிகுறி தெரிந்தால் அந்த நோய்க்கு உரிய மருந்து. தெரியாவிட்டால் மருந்தே வேண்டாம்.

உப்புக்காற்று:

நடுக்கடல் அண்ணா சொல்வதில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். பழகாத ஃபில்டரோடு நடத்தும் குவாரண்டைன், குவாரண்டைன் இல்லாததைவிட மோசம். ஆனால் மறு பாதியில் வேறுபடுகிறேன். அதற்கு ஒட்டுண்ணியின் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும்.

கடல்நீர் இக், அதாவது கிரிப்டோகேரியான் இரிடான்ஸ், நாலு கட்டமாக வாழ்கிறது. மீனின் தோலுக்கு அடியில் மூன்று முதல் ஏழு நாள் தின்று வளரும். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். பிறகு மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகும். கூடு உடைந்து வெளியே வரும் குஞ்சுகள் ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் காப்பர் தொடாது. நீந்தும் குஞ்சை மட்டும்தான் கொல்லும். அதனால்தான் ஓரிரு நாள் மருந்து போட்டால் பயன் இல்லை, வாரக்கணக்கில் அளவு குறையாமல் நிற்க வேண்டும்.

புள்ளி மறைந்ததும் மீன் குணமாகிவிட்டது என்று நினைப்பதும் இதனால்தான் தவறு. அது கூடு கட்ட இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது பல மடங்காக வரும். செவுளுக்குள் மட்டும் சில இருந்தால் வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. உற்றுப் பார்ப்பது எனக்கும் பிடித்த வழிதான், ஆனால் செவுளுக்குள் கண் போகாதே.

வெல்வெட் என்ற அமைலூடினியம் ஒட்டுண்ணி இன்னும் கொடியது. மீன் வேகமாக மூச்சு வாங்கும், பம்ப் நீரோட்டத்துக்கு எதிரே போய் நிற்கும், வெளிச்சத்தை ஒதுக்கும். உடம்பில் மெல்லிய பொன்தூசி தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சில நாளில் தொட்டி முழுக்கக் காலியாகலாம். இதற்குக் காத்திருந்து பார்க்கும் வழி பொருந்தாது. அதனால்தான் டேங், ஏஞ்சல், பட்டர்ஃபிளை போன்ற மீன்களுக்கு நான் அறிகுறிக்குக் காத்திருப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு கேள்வியும் சேரும் இடம் இது. இக் வந்தால் ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்று என்று யாராவது சொல்வார்கள். அது நன்னீர் இக்குக்கான வைத்தியம். அந்த உயிரியும் கடல் இக்கும் நெருங்கிய உறவே இல்லை. கடல் இக்குக்குச் சூடு பிடிக்கும், அதன் சுற்று இன்னும் வேகமாக ஓடும். அதே நேரம் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் தாங்கும் என்றால், 30-ல் 6.2 மட்டுமே. செவுள் ஏற்கெனவே புண்ணாகி மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு இதைச் செய்யக்கூடாது.

நடுக்கடல்:

வெல்வெட் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன். அதற்குக் காப்பர்தான். ஆனால் மாண்டரின் மீனைக் காலித் தொட்டியில் காப்பரில் ஒரு மாதம் வைக்கச் சொன்னால் சம்மதிக்க மாட்டேன். அதன் தடித்த வழுவழுப்பே அதற்குப் பெரும்பாலும் இக்கிலிருந்து காப்பு. அதன் இரையான கோப்பிபாட் என்ற நுண்ணுயிர்கள் இல்லாத தொட்டியில் அது பட்டினியாலேயே போய்விடும். மீனுக்கு ஏற்ற வழி வேண்டும்.

இக் மட்டும்தான் கவலை என்றால் மருந்தே இல்லாத வழி ஒன்று உண்டு: தொட்டி மாற்றும் முறை. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை முற்றிலும் புதிய, காய்ந்த தொட்டிக்கு மாற்ற வேண்டும், நான்கு முறை. மீனிலிருந்து இறங்கியவை கூடு உடைக்கும் முன் நாம் இடம் மாறிவிடுகிறோம். பழைய தொட்டியின் நீர் ஒரு சொட்டுகூட வரக்கூடாது. வெல்வெட்டுக்கு இது உதவாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இளந்தளிர்:

அப்போ என் க்ளவுன்ஃபிஷ் ஜோடிக்கு என்ன செய்யணும்? தொட்டி எப்படி அமைக்கணும்னு படிப்படியாச் சொன்னா நல்லா இருக்கும்.

உப்புக்காற்று:

க்ளவுன்ஃபிஷ் என்றால் பண்ணையில் பிறந்ததை வாங்குங்கள், கடலில் பிடித்ததை வேண்டாம். கடலில் பிடித்தவற்றில் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி அதிகம். உடம்பு முழுக்க வெள்ளை வழுவழுப்பு உரியும், இரை எடுக்காது, சில நாளில் முடிந்துவிடும். இதற்குக் காப்பர் வேலை செய்யாது, ஃபார்மலின் குளியல்தான் வழி. அதையும் கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில், ஏர் ஸ்டோன் ஓட விட்டுச் செய்ய வேண்டும்.

குவாரண்டைன் தொட்டி 40 முதல் 60 லிட்டர் போதும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம்; காப்பரை அவை உறிஞ்சிக்கொள்ளும், அளவு நிற்காது. ஒளிவதற்குப் பிவிசி குழாய்த் துண்டுகள். 50 வாட் ஹீட்டர், கன்ட்ரோலரோடு. சின்னத் தொட்டி பெரிய தொட்டியைவிட வேகமாகக் குளிரும், வேகமாகக் கொதிக்கும். காட்சித் தொட்டிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு துளி குறைந்தாலும் இங்கே மீனுக்குத் தெரியும். மூடி போடுங்கள், புது மீன் குதிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஸ்பாஞ்ச் ஃபில்டர். இன்றைக்கே ஒன்று வாங்கிச் சம்பில் போட்டுவிடுங்கள். காட்சித் தொட்டியில் இன்னும் மீன் இல்லாததால், சம்பில் பாக்டீரியா பசியோடு கிடக்கும். தினமும் கொஞ்சம் அம்மோனியா கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரத்தில் அந்த ஸ்பாஞ்ச் தயார். நடுக்கடல் அண்ணா சொன்ன சாவுகளில் பெரும்பகுதி இந்த ஒரு பொருள் இல்லாததால் வருவது.

காப்பர் போடுவது என்று முடிவானால் லேபிளை நிதானமாகப் படியுங்கள். கீலேட் வகை (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) காப்பர் பொதுவாக லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், க்யூப்ரமின் போன்றது அரை மில்லிகிராம். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் மீன் செத்துவிடும். உங்கள் வகையை அளக்கக்கூடிய சோதனைக் கருவி இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். ஓரிரு நாளில் படிப்படியாக ஏற்றி, ஒரு மாதம் அளவு குறையாமல் வையுங்கள். நீர் மாற்றினால் புது நீரிலும் அதே அளவு காப்பர். கரி ஃபில்டர் கூடாது. அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது, காப்பரின் நஞ்சு ஏறிவிடும். அம்மோனியா வந்தால் நீரை மாற்றுங்கள்.

கயல்:

மீன் வந்து இறங்கற நாளைப் பத்தி யாரும் சொல்லலையே. நீண்ட பயணத்துல பையில கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அதனால உள்ளே இருக்கற அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைஞ்ச வடிவத்துல இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அதே அம்மோனியா நஞ்சா மாறும். திறந்த பையில மணிக்கணக்குல சொட்டுச் சொட்டா நீர் விடறது அதனாலதான் ஆபத்து. விற்கறவங்ககிட்ட அவங்க நீரோட உப்பு அளவைக் கேட்டு, குவாரண்டைன் தொட்டியை முன்கூட்டியே அதே அளவுக்கு வச்சிடுங்க. மூடின பையைக் கால் மணி நேரம் மிதக்க விட்டு வெப்பம் சமமானதும், திறந்து மீனை மட்டும் எடுத்து விடுங்க. பை நீர் தொட்டிக்குள்ளே போகக்கூடாது. உப்பை 35-க்கு அடுத்த சில நாள்ல மெதுவா ஏத்திக்கலாம்.

பவளக்கை:

மீனை மட்டும் பேசிட்டுப் பவளத்தை நேரா உள்ளே வச்சா எல்லாம் வீண். இக் பவளத்தை நோயாக்காது, நத்தையையும் நோயாக்காது. ஆனால் அதன் கூடு நத்தை ஓட்டிலும், ஃப்ராக் (வெட்டி எடுத்த பவளத் துண்டு) ஒட்டியிருக்கும் கட்டையிலும் வரும். அதனால் பவளத்துக்கும் நத்தைக்கும் மீனே இல்லாத ஒரு தனித்தொட்டி வேண்டும், லைட்டோடு. கூட்டிலிருந்து குஞ்சு வெளிவர 72 நாள் வரை ஆனது பதிவாகியிருக்கிறது. அதனால்தான் பலரும் 76 நாள் என்று சொல்கிறார்கள். நோய் வந்த காட்சித் தொட்டியை மீன் இல்லாமல் காலியாக விடுவதற்கும் அதே கணக்கு. அதிலும் ஹீட்டரை அணைத்து வைக்காதீர்கள். குளிரில் கூடுகள் உடைவது தாமதிக்கும், நாள் கணக்கு பொய்க்கும்.

டிப் செய்வது, அதாவது பவளத்தை மருந்து நீரில் முக்கி எடுப்பது, பூச்சிகளுக்காக. தட்டைப்புழு, நூடிபிராங்க் என்ற ஓடில்லாக் கடல்நத்தை உதிரும், ஆனால் முட்டைகள் தாங்கிவிடும். கட்டையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கட்டையில் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி டிப் செய்து பாருங்கள். அக்ரோபோரா என்ற கடினப் பவளத்தை வளர்க்கும் நாள் வரும்போது இதன் அருமை தெரியும்.

நீங்கள் ஜோவாந்தஸ் வாங்கப் போவதால் ஒரு எச்சரிக்கை. இவற்றில் சிலவற்றில், முக்கியமாகப் பாலித்தோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். அவை ஒட்டிய பாறையை எந்தக் காரணத்துக்கும் வெந்நீர் ஊற்றியோ கொதிக்க வைத்தோ சுத்தம் செய்யாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

இளந்தளிர்:

ஸ்பாஞ்ச் ஃபில்டரை இன்னைக்கே சம்ப்ல போட்டுடறேன். ஒரே ஒரு சந்தேகம். இடம் குறைவு, குவாரண்டைன் தொட்டியைக் காட்சித் தொட்டி பக்கத்துலயே வைக்கலாமா? வலை, குழாய் எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணே இருந்தாப் பரவாயில்லையா?

உப்புக்காற்று:

பக்கத்தில் வேண்டாம். வெல்வெட் குஞ்சுகள் ஏர் ஸ்டோன் தெறிக்கும் நுண்துளிகளில் ஏறிக் காற்றில் போகும்; மூன்று மீட்டர் தூரம் வரை போனதாக ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். வேறு அறை கிடைத்தால் நல்லது. வலை, குழாய், வாளி, அளவுக் குடுவை எல்லாம் தனித்தனி, வேறு நிறத்தில் வாங்கினால் கை தவறாது. தினமும் காட்சித் தொட்டி வேலையை முதலில் முடித்து, குவாரண்டைனைக் கடைசியில் தொடுங்கள். பிறகு முழங்கை வரை கழுவிவிடுங்கள்.

மீன் வெளியே போனதும் ஹீட்டரைப் பிடுங்கி ஆறவிட்டு, தொட்டியையும் குழாய்களையும் ப்ளீச் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, எலும்புபோல் காயும் வரை வெயிலில் வையுங்கள். காய்ந்த கூட்டில் உயிர் மிஞ்சாது. காப்பர் பட்ட ஸ்பாஞ்சை மட்டும் தூக்கி எறியுங்கள், அதைத் திரும்பச் சம்பில் போடவே கூடாது. கோபிக்குப் புது ஸ்பாஞ்ச் வேண்டும், அதனால் முதல் நாளே இரண்டாகப் போட்டு வைத்துவிடுங்கள்.